பூக்கேட்கும் முன்னும் பின்னும்

சாமியின் முன் இரு நிறப் பூக்களைப் பொட்டலங்களாக வைத்து, அவற்றில் ஒன்றை எடுத்து உத்தரவு கேட்பதே பூக்கேட்பது. அப்படிக் கேட்கப் போகிறவர் முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிலம் வாங்குவதென்றால், வில்லங்கச் சான்று பார்ப்பதும் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்துத் தோட்டத்தாரிடம் விசாரிப்பதும் நம்முடைய வேலை. அதைச் சாமியின் தலையில் கட்டக் கூடாது. நோய்க்கு மருத்துவரிடம் போகலாமா என்பதும் பூவிடம் கேட்கும் கேள்வி அன்று. விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரித்த பிறகும் மனம் இரண்டாக நிற்குமானால், அந்த ஒன்றை மட்டும் குலதெய்வத்தின் முன் வைக்கலாம்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும், வெளியே நிறம் தெரியாதபடி ஒரே அளவுப் பொட்டலங்களாக மடித்துச் சாமியின் காலடியில் வைத்து, எது வந்தால் உத்தரவு என்பதை முன்னதாகவே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எடுப்பவர் பூசாரியாகவோ விவரம் அறியாத குழந்தையாகவோ இருப்பது நல்லது. ஆசைப்பட்ட கை எடுக்கக் கூடாது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில், பக்தரின் கனவில் சாமி உணர்த்திய பொருளை எல்லாரும் பார்க்க வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு. அங்கும் அந்தப் பொருளை உடனே பெட்டியில் வைத்துவிடுவதில்லை. பூக்கேட்டு, வெள்ளைப் பூ வந்த பின்பே வைக்கிறார்கள். கனவு கண்டவரை நம்பாததால் அல்ல, கனவையும் சாமியிடமே ஒப்படைத்துக் கேட்பதே பக்தி என்பதால்தான் என்று நான் கொள்கிறேன்.

விரும்பாத பூ வந்துவிட்டால்தான் உண்மையான சோதனை. மறுநாள் வேறு கோயிலுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு. அது கேட்பதாகாது, பேரம் பேசுவதாகும். நிலைமை மாறிக் கேள்வியே வேறாகியிருந்தால் ஒழிய மறுபடி கேட்க வேண்டாம். ஆனால் மனத்தில் எழும் ஐயத்தை மறைக்கவும் வேண்டாம். சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளைத் திருமுருகன்பூண்டியில் வேடுவரிடம் பறிகொடுத்த நாயனார் சுந்தரர், வழிப்பறி நடக்கும் ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று சிவபெருமானிடமே கேட்டுப் பதிகம் பாடினார். அதே சுந்தரர்தான் கொடுமுடியில், தாம் மறந்தாலும் தம் நா நமச்சிவாய என்று சொல்லும் என்றார். ஆகவே மனத்தாங்கல் இருந்தால், கூட்டம் குறைந்த நேரத்தில் அதே சன்னிதிக்குத் திரும்பிப் போய், வீட்டுப் பெரியவரிடம் பேசுவதைப் போல நம் சொந்தச் சொல்லிலேயே சொல்லிவிட்டு வர வேண்டும்.