ரோட்பிளாக்கில் நிறுத்தினால்

மலேசியாவில் பாடாங் செராயிலிருந்து புக்கிட் காயு ஈத்தாமுக்கு 18 வருடமாக லோரி ஓட்டுகிறேன். தாய்லாந்து எல்லை நெருங்க நெருங்க போலீஸ் ரோட்பிளாக் கூடும். தம்பி, ஆரஞ்சு கோனைப் பார்த்ததுமே வேகத்தைக் குறை, உள்விளக்கைப் போடு. ஐசி, அதாவது அடையாள அட்டை, கையோடு இருக்கட்டும். லயத்து வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்றால் வேலைக்காகாது. நான் அப்படிச் சொல்லி இரண்டு மணி நேரம் ஓரத்தில் நின்றவன்.

பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, வா என்றால், கைதா, விசாரணையா என்று மரியாதையாகக் கேள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வக்கீலுக்கும் போன் செய்ய விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 28ஏ. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம் என்றால் அது வேறு கதை.

தோலைப் பார்த்துத்தான் நிறுத்தினார்களோ என்று தோன்றும். அங்கேயே வாதாடாதே. நேரம், இடம், சட்டையிலுள்ள பெயர், மூன்றையும் குறித்துக்கொள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஷெரிப் (வட்டாரப் போலீஸ் தலைவர்) ஜோ அர்பாயோவின் ஆட்கள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை அப்படி நிறுத்தியது தவறென்று 2013இல் கோர்ட் சொன்னது, பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டதால்தான். கோர்ட் உத்தரவை மீறியதற்காக 2017இல் அவர் குற்றவாளியானார். அடுத்த மாதமே டிரம்ப் மன்னித்துவிட்டார், அது ஒரு வயிற்றெரிச்சல்.