முன் பிரேக் பிடித்தபடியே நிற்கிறதா? காலிப்பரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

ரங்கூன் நகருக்குள் பைக் ஓட்ட 2003 முதல் தடை. அங்கே இருக்கும் உறவுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. மோல்மீனில் எங்களுக்கு பைக் இல்லாமல் சந்தைக்குக்கூடப் போக முடியாது. மே முதல் அக்டோபர் வரை கொட்டுகிற மழையும், முடோன் பக்கத்து ரப்பர் தோட்டச் சேறும் முன் பிரேக்கைத்தான் முதலில் பதம் பார்க்கும். என்னுடையது டிஸ்க் வைத்த பழைய ஹோண்டா வேவ் 125. லீவரை விட்ட பிறகும் பிரேக் விடவில்லை. காலையில் நன்றாக இருக்கும், ஓட ஓட இறுகும். சரிசெய்த விதத்தை எழுதுகிறேன்.

டிஸ்க்கைக் கையால் தொடாதீர்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் பிரேக் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

பைக்கை டபுள் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். லீவரைப் பல முறை அழுத்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றவில்லையா? டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில், காற்று எடுக்கும் (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும்) நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, ஆயில் ஓடும் குழாயான ஹோஸிலோ, லீவரை ஒட்டி ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. விடுபடவில்லை என்றால் காலிப்பர்தான். இதைப் பார்க்காமல் காலிப்பரைப் பிரிப்பவர்கள் பாதி நாளையும் பணத்தையும் வீணாக்குகிறார்கள்.

காலிப்பர் என்றால் வேலை நேரடியானது. கழற்றுங்கள், டிஸ்க்கில் உரசும் பேடுகளை எடுங்கள், காலிப்பர் நகரும் இரண்டு பின்களையும் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். லீவரை மெதுவாக அழுத்தி பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே வரவைத்து, விளிம்பில் உள்ள அழுக்கைப் பிரேக் ஆயில் தொட்ட துணியால் துடைத்து, திரும்ப உள்ளே தள்ளுங்கள். துரு அரித்துக் குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். பெட்ரோல், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் வேண்டாம். ரப்பர் சீல் ஊதிவிடும். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதே அந்தச் சீலின் நெகிழ்ச்சிதான்.

கோளாறு மேலே என்றால் நிப்பிளை மூடி, மறுபடி லீவரை அழுத்திப் பிரேக்கை இறுக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றித் துணி கட்டி, ஹோஸ் போல்ட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டர். விடவில்லை என்றால் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது, புது ஹோஸ் போடுங்கள். எப்படியானாலும் போல்ட்டின் இரண்டு செம்பு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும்.

எனக்கு மாஸ்டர் சிலிண்டர்தான். நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து, ஆயிலை உறிஞ்சி எடுத்தால் அடியில் இரண்டு துளைகள் தெரியும். ஒன்று பெரியது. மற்றது ஊசிமுனை அளவு. அழுக்கு மண்டியிருந்தால் அப்படி ஒரு துளை இருப்பதே கண்ணுக்குப் படாது. லீவரை விட்டதும் மிச்ச ஆயில் தொட்டிக்குத் திரும்புவது அந்தச் சின்னத் துளை வழியாகத்தான். அது அடைத்தால், டிஸ்க் சூடேறி விரிகிற ஆயிலுக்குப் போக இடமில்லை. பிரேக் தானாக இறுகுகிறது. டார்ச் அடித்துத் தேடுங்கள். கித்தாரின் மெல்லிய கம்பியைச் செங்குத்தாக விட்டு எடுங்கள். துரப்பணமோ தடித்த ஊசியோ வேண்டவே வேண்டாம், துளை பெரிதானால் சீல் கிழியும். புது ஆயில் ஊற்றி லீவரை லேசாகத் தொட்டால் தொட்டியில் சின்ன ஊற்றுப்போல் ஆயில் எழும்ப வேண்டும். எழும்பினால் துளை திறந்துவிட்டது.

துளை சுத்தமாக இருந்தும் பிடிக்கிறதா? லீவரைப் பாருங்கள். மலிவான மாற்று லீவர்கள் சில, விட்ட பிறகும் பிஸ்டனைச் சற்று அழுத்தியபடியே இருக்கும். அந்தத் துளை மூடியே கிடக்கும். லீவருக்குக் கொஞ்சமாவது ஆட்டம் வேண்டும். கம்பெனி லீவரே வாங்குங்கள் என்பது என் கட்சி.

அப்புறம் காற்று எடுப்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆயில் தொட்டி மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில் வகை, டாட் 3 அல்லது டாட் 4, அதை மட்டும் ஊற்றுங்கள், டாட் 5 வேறு வகை, கலக்கக் கூடாது. சீல் உடைக்காத புட்டியாக இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பின்னர் சேர்த்தது: டிரம் பிரேக் வைத்த பழைய ஹோண்டா கப் வண்டிக்கு என்ன செய்வது என்று பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டார். அதில் ஆயிலே கிடையாது. டிரம்முக்குள் உரசும் ஷூவை விரிக்கும் கேம் தண்டு காய்ந்து துருப்பிடித்திருக்கும். கழற்றித் துடைத்து, மிகக் குறைவாகக் கிரீஸ் தடவுங்கள். ஷூவில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கேபிளையும் கழற்றி எண்ணெய் விடுங்கள். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.