உணவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னதும் பலரும் சமையலில் போடும் உப்பைத்தான் குறைக்கிறார்களே தவிர, பிஸ்கட், சிப்ஸ், ஊறுகாய் என்று பொட்டலத்திலும் புட்டியிலும் வருகிற உப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கைப் போட, ஊட்டச்சத்து அட்டவணையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், அட்டவணையில் உள்ள எண்கள் எந்த அளவுக்கு உரியவை என்று பாருங்கள். 100 கிராமுக்கா, ஒரு வேளை உண்ணும் அளவுக்கா? இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஒரு வேளைக்கு 25 கிராம் என்று அச்சிட்டிருக்கும் 100 கிராம் பொட்டலத்தை ஒரே மூச்சில் காலி செய்பவர், அந்த எண்களை நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பொருள்களை ஒப்பிடுவதானால் 100 கிராமுக்கான எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சோடியம். பல பொட்டலங்களில் உப்பு என்ற சொல்லே இருக்காது. சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு பொட்டலம் முழுவதிலும் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதால், அந்த ஒரு பொட்டலமே அன்றைய வரம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

சர்க்கரைக்குக் கணக்கு எளிது: கிராமை நான்கால் வகுத்தால் தேக்கரண்டிகள். 24 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி.

கடைசியாக, சேர்மானப் பட்டியல். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும் வகையில் அது வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஆனால் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துக் குறிப்பிட்டிருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். "கொழுப்பு குறைவு" என்ற வாசகத்தைக் கண்டால் நான் முதலில் சர்க்கரை வரியைத்தான் தேடுவேன்.

சோடியம் குறைந்த உப்புக்கு மாற நினைப்பவர்கள் கவனிக்க: அவற்றில் பொதுவாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.