ஆல்ஃபிரட் இறந்தது 899-ஆ, 901-ஆ? ஓர் ஆங்கிலோ-சாக்சன் அரசரின் ஆண்டை நாமே சரிபார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் விஞ்செஸ்டர் நகரில் வாளைத் தலைகீழாக, சிலுவைபோல் உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் ஆல்ஃபிரட் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஹேமோ தோர்னிக்ராஃப்ட் வடித்தது. அரசர் இறந்து ஆயிரம் ஆண்டு நிறைவடைந்ததென்று 1901-இல் திறந்துவைத்தார்கள். இன்றைய வரலாற்று நூல்களைப் புரட்டினால் அவர் இறந்தது 899 அக்டோபர் 26 என்றிருக்கிறது. ஆல்ஃபிரட் ஆண்ட தென் இங்கிலாந்து நாடான வெசெக்ஸின் அரசர்களுக்கு ஒரு காலவரிசை போடலாம் என்று உட்கார்ந்தபோது இந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அவிழ்க்க மூன்று வாரம் ஆனது. அந்த வழியை அப்படியே எழுதுகிறேன். வேறு எந்த அரசருக்கும் இதே முறையில் இறங்கலாம்.

1. எந்தச் சுவடி என்று முதலில் பாருங்கள்

"ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிள் இப்படிச் சொல்கிறது" என்று எங்காவது படித்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: எந்தக் குரோனிக்கிள்? ஆண்டுவாரியாக நிகழ்வுகளைக் குறித்த பதிவு அது, ஆனால் ஒரே நூல் இல்லை. ஆல்ஃபிரட் காலத்தில் தொகுத்த ஒரு மூலத்தைப் பல மடங்களில் படியெடுத்து, அங்கங்கே தொடர்ந்து எழுதிக்கொண்டே போன சுவடிகளின் குடும்பம் அது. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகளால் குறிப்பிடுவார்கள். இருப்பவற்றில் பழையது ஏ. கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் 173 என்ற எண்ணில் இருக்கிறது. பார்க்கர் நூலகத்தின் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவற்றுக்கான பழைய இணைப்புகள் பல 2023 அக்டோபர் சைபர் தாக்குதலுக்குப் பிறகு வேலை செய்வதில்லை. ஆகவே ஏ சுவடியில் தொடங்குங்கள்.

2. பதிவு என்ன சொல்கிறது?

இணையத்தில் எளிதாகக் கிடைப்பது 1823-இல் ஜேம்ஸ் இங்ராம் வெளியிட்ட மொழிபெயர்ப்பு. அதில் 901-இன் கீழ் இருப்பதன் சாரம் இது: எதெல்வுல்ஃபின் மகன் ஆல்ஃபிரட், சகல புனிதர் திருநாளுக்கு ஆறு இரவு முன்பு இறந்தார். டேனியர் (வைக்கிங்குகள்) கையில் இருந்த பகுதி நீங்கலாக ஆங்கில மக்கள் அனைவருக்கும் அவரே அரசர். பிறகு அவர் ஆண்ட காலம் வருகிறது.

திருநாள் நவம்பர் 1. ஆறு இரவு பின்னால் போனால் அக்டோபர் 26. நாளும் மாதமும் கிடைத்துவிட்டன, இவற்றில் சண்டை இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கும் ஆண்டெண்ணில்தான் சிக்கல். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, பதிவுக்கு உள்ளேயே வேறு கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தப் பதிவில் இருக்கிறது.

3. ஆட்சிக் காலத்தைக் கணக்கிடுங்கள் (நான் வழுக்கிய இடம்)

பழைய ஆங்கில வாசகத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: "ஓதரும் ஹெயல்ஃபும் லாஸ் தே 30 வின்ட்ரா." வின்ட்ரா என்றால் குளிர்காலங்கள், அவர்கள் ஆண்டுகளை அப்படித்தான் எண்ணினார்கள். லாஸ் என்றால் குறைவு. மொழிபெயர்ப்பை நம்பாமல் மூலத்தையே படிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தேன். "ஹெயல்ஃப்" அரை. "ஓதர்" மற்றது, இரண்டாவது. சரி, "மற்றொரு அரை குறைய முப்பது", அதாவது இருபத்தொன்பதரை ஆண்டு என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து, ஆட்சி எப்போது தொடங்கியது? 871-இன் பதிவில் அண்ணன் எதெல்ரெட் ஈஸ்டருக்குப் பிறகு இறந்ததாக வருகிறது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 15. ஆகவே ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரம் என்று கொள்ளலாம். அதோடு இருபத்தொன்பதரையைக் கூட்டினால் 900 அக்டோபர். 901-உம் இல்லை, 899-உம் இல்லை, நடுவில் ஒன்று! இரண்டு பக்கமும் தப்பு, நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று பத்து நாள் அந்த எண்ணோடு சுற்றினேன்.

விஷயம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் "ஓதர் ஹெயல்ஃப்" என்பது ஒரு சேர்க்கைச் சொல். முதலாவது முழுசு, இரண்டாவது பாதி, அதாவது ஒன்றரை. ஜெர்மனில் இன்றும் ஒன்றரைக்கு "அன்டர்ட்ஹால்ப்" என்றே சொல்கிறார்கள், அதே கட்டுமானம். ஆக, ஒன்றரை குறைய முப்பது: இருபத்தெட்டரை ஆண்டு. இப்போது கூட்டுங்கள். 871 ஏப்ரல், அதோடு 28 ஆண்டு, 899 ஏப்ரல். இன்னும் ஆறு மாதம், 899 அக்டோபர். நாளோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இங்ராம் "ஒன்றரை" என்று சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறார். 901 என்ற எண் ஓரத்தில் இருக்கும்போதே வரிக்குள் 899-க்கான கணக்கும் இருக்கிறது. அதைத் தாளில் கூட்டிப் பார்த்த அன்றுதான் இந்தச் சுவடிகள் மேல் எனக்குத் தீராத பிரியம் வந்தது.

4. ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது?

அப்படியானால் 901 எங்கிருந்து வந்தது? ஜனவரி 1-ஐ மறந்துவிடுங்கள். அன்றைக்குச் சில எழுத்தர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஆண்டு பிறந்தது. சிலருக்கு முந்தின செப்டம்பரிலேயே பிறந்துவிட்டது. செப்டம்பர் கணக்கில் நம் 899 அக்டோபர் அவர்களுடைய 900-க்குள் விழும். இதற்கு மேல், ஏ சுவடியில் 892 தொடங்கிப் பல ஆண்டெண்களில் பின்னால் ஒன்றைக் கூட்டித் திருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 901 வரும் வழி தெரிகிறது. ஆல்ஃபிரடின் மரணப் பதிவிலேயே அவருடைய அண்ணன் மகன் எதெல்வோல்டு விம்போர்னைப் பிடித்துக்கொண்டு கலகம் செய்ததும் தொடர்ந்து வருகிறது. ஆண்டெண்ணை ஒரு தலைப்புபோல நினைத்துக்கொள்ளுங்கள், நாள்காட்டித் தாள்போல அல்ல.

5. வேறு சாட்சி தேடுங்கள்

அஸ்ஸரிடம் போகாதீர்கள். ஆல்ஃபிரடின் வாழ்க்கையை எழுதியவர் அவர்தான், ஆனால் எழுதியது 893-இல். அரசர் அப்போது உயிரோடு இருந்தார். எதெல்வெயர்டு பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லத்தீனில் எழுதியவர், அதே அரச வம்சம். ஆல்ஃபிரடின் மகன் எட்வர்டு, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று முடிசூடினார் என்கிறார். இதை 900 ஜூன் 8 என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்பா முந்தின அக்டோபரில் இறந்தார் என்பதோடு இது இசைகிறது.

பட்டயங்களுக்கு, அவற்றை எண்ணிட்டுப் பட்டியலிடும் எலெக்ட்ரானிக் சாயர் தளம். பீட்டர் சாயர் 1968-இல் கொடுத்த எண்களே இன்றும் புழங்குகின்றன. ஆல்ஃபிரடின் உயில் அதில் 1507. ஒவ்வொரு பட்டயத்துக்கும் கீழே, அது அசலா போலியா என்று யார் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு உண்டு. அதைப் படிக்காமல் ஒரு பட்டயத்தையும் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஆட்களைத் தேட ஆங்கிலோ-சாக்சன் ஆள்விவரத் தளமான பேஸ் இருக்கிறது, ஆனால் ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். எனக்குச் சாயர்தான் கைக்கு வாகு.

குறிப்பெடுக்க ஸ்ப்ரெட்ஷீட் வேண்டாம் என்பேன். தேதிக் கட்டத்தில் 871 என்று அடித்தால் அது தன் இஷ்டத்துக்கு எதையாவது செய்யும். கோடு போட்ட நோட்டு, மூன்று பத்தி: மூலம் சொல்வது, அது எழுதப்பட்ட காலம், நம் கணக்கு. போதும்.

பின்சேர்க்கை 1: ஒருவர் தனக்கு 871 ஈஸ்டருக்கு வேறு தேதி வருகிறது என்று எழுதியிருந்தார். இணையக் கணிப்பான் இன்றைய நாள்காட்டியான கிரிகோரியன் முறையில் இருந்திருக்கிறது. 1582-க்கு முந்தைய எதற்கும் அதற்கு முன்பிருந்த ஜூலியன் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை 2: தலைமறைவாக இருந்த ஆல்ஃபிரட் கவனிக்காமல் விட்டதால் ரொட்டி கருகிய கதையை அஸ்ஸர்தானே சொல்கிறார் என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. அஸ்ஸரின் ஒரே சுவடி 1731 அக்டோபரில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகைத் தீயில் எரிந்துபோனது. எதெல்வெயர்டின் சுவடியும் அதே தீயில் சிதைந்தது. நம்மிடம் இருப்பது பழைய அச்சுப் பதிப்புகளும் அறிஞர்கள் எடுத்துவைத்த படிகளும்தான். 1574-இல் மாத்யூ பார்க்கர் அச்சிட்டபோது ரொட்டிக் கதையை வேறொரு நூலிலிருந்து எடுத்து உள்ளே சேர்த்துவிட்டார். இப்படிச் சேர்ந்தவற்றைப் பிரித்துக் காட்டிய 1904-ஆம் ஆண்டு ஸ்டீவன்சன் பதிப்பையே பாருங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் கெய்ன்ஸும் லாபிட்ஜும் 1983-இல் தந்த பெங்குயின் தொகுப்பு. குறிப்புகளுக்காகவே காசு கொடுத்து வாங்கலாம்.

பின்சேர்க்கை 3: இது முக்கியம். ஒரு வாசகி இதே முறையில் ஆல்ஃபிரடின் பாட்டனார் எக்பெர்ட்டுக்குப் போய், அவர் அரியணை ஏறியதைச் சொல்லும் 800 என்ற பதிவிலிருந்து இரண்டைக் கழித்து 798 என்று எழுதிவிட்டார். கழிக்கக் கூடாது. 754 முதல் 845 வரை ஏ சுவடியின் எண்கள் எதிர்த்திசையில் பிசகியிருக்கின்றன, பெரும்பாலும் இரண்டு ஆண்டு, சில இடங்களில் மூன்று. போப் மூன்றாம் லியோ தாக்கப்பட்ட செய்தி அங்கே 797-இன் கீழ் இருக்கிறது. அது நடந்தது 799-இல் என்று பிராங்கிய ஆண்டுக்குறிப்புகளிலிருந்து நமக்கு உறுதியாகத் தெரியும். ஆகவே இங்கே இரண்டைக் கூட்ட வேண்டும். எக்பெர்ட் அரியணை ஏறியது 802.