ஏரி மீனை வெட்டுமுன்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்தவருக்கு

பண்ணைப் பாலத்தில் நின்று தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு, ஏரியில் மீன் பிடிக்கவும் அனுமதி வேண்டும் என்பது முதலில் சிரிப்பாகவே இருக்கும். ஆயினும் 18 முதல் 64 வயது வரையுள்ளோர் அவுட்டோர்ஸ் அட்டை என்னும் மாகாண அடையாள அட்டையும் மீன்பிடி அனுமதியும் எடுத்தே ஆக வேண்டும். கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து 6 மாதம் கனடாவில் வாழாதவர் வெளிநாட்டவருக்கான கட்டணத்தையே செலுத்த வேண்டும். மாகாணப் பூங்காக்களில் கூடாரத்துக்கான இடத்தை 5 மாதங்களுக்கு முன்பே பதியலாம். மரம் அரிக்கும் பூச்சிகள் பரவும் என்பதால் விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள். கருவாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் கரடி வரும்.

எங்களுக்குத் தண்டம் விழுந்தது இவற்றில் எதனாலும் அன்று. மீனை மிகச் சுத்தமாக வெட்டியதனால்தான்.

ஜூன் தொடக்கத்தில் ரைஸ் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கி, ஓராவைப் போன்ற தட்டையான சிறு மீன்கள் பல பிடித்தோம். குருநகர்ச் சந்தையில் கண்ணைப் பார்த்தே மீன் வாங்கிப் பழகிய என் மாமி, பேரப்பிள்ளைகளுக்கு மீன் றோல் செய்வதற்கென்று, அத்தனையையும் தோலுரித்து, முள் அகற்றி, மஞ்சளும் உப்பும் பிரட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கினார். வீடு திரும்பும் வழியில் பெட்டியைத் திறந்த அதிகாரி, இவை என்ன மீன்கள், எத்தனை என்று கேட்டார். மஞ்சள் துண்டுகளைப் பார்த்து எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. கொண்டு செல்லும் மீனின் இனமும் எண்ணிக்கையும் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது சட்டம். கரையிலேயே உடனே பொரித்து உண்ண வெட்டியிருந்தால் குற்றமில்லை. மாமியின் கைவேலைக்கு அன்று கிடைத்த பரிசு தண்டச்சீட்டு. அதிகாரிக்கு மீனே தெரியாது என்று அவர் இன்றும் வாதிடுகிறார்.

அதிகாரியின் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. அங்கே ஜூன் நடுப்பகுதி கழியும் வரை ஸ்மோல்மவுத் பாஸ் பிடிக்கத் தடை. அதன் குஞ்சும் ரொக் பாஸ் என்ற வேறு மீனும் செந்நிறக் கண்ணோடு ஒன்றுபோலத் தோன்றும். மீனைத் திருப்பி, வயிற்றின் பின்புறத் துடுப்பின் முன்விளிம்பை விரலால் தடவுங்கள்: மூன்று முட்கள் தட்டுப்பட்டால் அது ஸ்மோல்மவுத் பாஸ், உடனே நீரில் விடுங்கள், ஐந்து, ஆறு முட்கள் இருந்தால் ரொக் பாஸ். செவுள் மூடியின் நுனியில் காதுபோல் நீண்ட கருமடலின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் பம்கின்சீட். மடல் முழுக் கறுப்பாக, முதுகுத்துடுப்பின் பின்னடியில் மைபட்டதுபோல் கறை இருந்தால் புளூகில். மஞ்சள் உடலில் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்கியிருப்பது யெலோ பேர்ச். சொதிக்கு இதைவிட நல்ல ஏரி மீனை நான் உண்டதில்லை.

குடலை மட்டும் கரையில் எடுத்துவிட்டு மீனை முழுதாக ஐஸில் வைப்பதே எளிது. துண்டுபோட்டே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு துண்டிலும் அகலமான தோல் ஒட்டியிருக்கட்டும், துண்டுகளை எண்ணக்கூடியபடி தனித்தனியாக அடுக்குங்கள். மஞ்சளை வீட்டில் பிரட்டிக்கொள்ளலாம்.