டிம்மர் வைத்த எல்.இ.டி. விளக்கு: கருகிய பிறகு கற்றவை

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, ரேடியோ வால்யூம் கண்ட்ரோலை ஒயருக்கு நடுவே வைத்துவிடலாம் என்பதுதான். நானும் வைத்தேன். ஒரு மீட்டர் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப், 10 கிலோ ஓம் கண்ட்ரோல். குமிழை எவ்வளவு திருகினாலும் மின்மினி வெளிச்சம்தான். கடைசி நூலிழையில் திடீரென்று பளிச். அந்த நூலிழையில் நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தபோது கருகல் வாசனை வந்தது.

காரணம் எளிது. மீட்டருக்கு 60 சின்ன எல்.இ.டி. உள்ள அந்த ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் சுமார் 400 மில்லி ஆம்பியர் இழுக்கும். கண்ட்ரோலில் 10 ஓம் மிஞ்சியிருக்க, 200 மில்லி ஆம்பியர் ஓடினால் அங்கே 0.4 வாட் சூடு. சாதாரணக் கண்ட்ரோல் தாங்குவதே கால் வாட் அளவுதான், அதுவும் தடம் முழுவதற்கும் சேர்த்து. இங்கே சூடேறுவதோ தடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கருகாமல் என்ன செய்யும்?

சரியான வழி பி.டபிள்யூ.எம். (துடிப்பின் அகலத்தை மாற்றுவது). முழு 12 வோல்ட்டையும் நொடிக்குச் சில நூறு முறை போட்டுப் போட்டு அணைப்பது. எரியும் நேரம் குறைந்தால் கண்ணுக்கு வெளிச்சம் குறையும். வேகம் 100 முறைக்குக் கீழே போனால் கண் உறுத்தும்.

இதை அர்டுயினோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) செய்கிறவர்கள் சறுக்கும் இடம், ஸ்ட்ரிப்பைப் போட்டு அணைக்கும் மின்னணு ஸ்விட்சான மாஸ்ஃபெட். கடையில் கேட்டதும் கிடைப்பது ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என். அதன் 'கேட்' என்ற கட்டுப்பாட்டுக் காலுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். அர்டுயினோ ஊனோ போர்டு கொடுப்பது 5. அரைகுறையாகத் திறந்து அதுவே சூடாகும். ஐ.ஆர்.எல்.இசட் 44 என் என்று எழுத்து பார்த்துக் கேளுங்கள். அர்டுயினோ இல்லாமல், 12 வோல்ட்டில் ஓடும் 555 டைமர் சிப் சர்க்யூட்டுக்கு முதலில் சொன்ன ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என் போதும். 'கேட்' காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறந்தால், ஆன் செய்யும் நொடியில் விளக்கு தன்னிஷ்டத்துக்கு மின்னும்.

ஸ்ட்ரிப் இழுப்பதைவிட 20 சதவீதமாவது அதிகம் தாங்கும் அடாப்டர் வாங்குங்கள். ஒரு வாட் எல்.இ.டி.யை ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் எரிக்காதீர்கள். சாதாரண எல்.இ.டி. பல்பைச் சுவரில் உள்ள ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டும் வேலையே வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு குறை தெரியும்: குமிழின் முதல் கால் திருப்பிலேயே வெளிச்சம் ஏறிவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் பெரிதாக மாறாது. நம் கண் அப்படி. அர்டுயினோ புரோகிராமில், குமிழ் சொல்லும் 0 முதல் 255 வரையிலான எண்ணை அதாலேயே பெருக்கி 255-ஆல் வகுத்தால் ஏற்றம் சீராகும். எனக்கு இதிலும் ஒரு கூத்து. கிட்டத்தட்ட முக்கால் திருப்பு வரை ஒழுங்காக ஏறிய விளக்கு, அதைத் தாண்டியதும் கோணங்கித்தனம் பண்ணியது. மாஸ்ஃபெட்டை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், சால்டரைச் சுரண்டினேன். கடைசியில் பார்த்தால், 255-ஐ 255-ஆல் பெருக்கினால் 65,025. ஊனோவில் எண்ணை வைக்கும் 'இன்ட்' வகை 32,767 வரைதான் கொள்ளும். இன்னும் பெரிய எண் கொள்ளும் 'லாங்' என்று மாற்றியதும் அடங்கிவிட்டது.