ஐயர் இல்லாமல் கெட்டிமேளம்: மதுரையில் சுயமரியாதைத் திருமணம் நடத்த ஒரு செய்முறை

புரோகிதர் இல்லாத திருமணம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அது செல்லுமா?" என்பதுதான். செல்லும். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே அது செல்லுபடியாக்கியது. அந்தத் திருத்தத்துக்கு முன், 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்த பழைய செய்தி மட்டும் எப்படியோ பெரியவர்கள் காதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஊர் வழக்கம் இல்லையே" என்று யாராவது இழுத்தால், பெரியார் தலைமையில் 1928-இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில்தான் என்று சொல்லுங்கள். நம் வட்டாரத்துச் சரக்கு அது.

எங்கள் திருமணம் இப்படித்தான் நடந்தது. அதன்பிறகு சித்தப்பா மகன், பெரியம்மா மகள் என்று வரிசையாக வந்து "நீ எப்படிச் செய்தாய்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

படி 1: எந்தச் சட்டம்?

இருவரும் இந்துக்கள் என்றால் 7-ஏ போதும். சட்டக் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில் இவற்றில் ஒன்று நடந்தால் திருமணம் முடிந்தது: "இவரைக் கணவராக ஏற்கிறேன், இவரை மனைவியாக ஏற்கிறேன்" என்று இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவருக்கொருவர் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது ஏதாவது ஒரு விரலில் மோதிரம் போடுவது, தாலி கட்டுவது. மூன்றும் நடந்தாக வேண்டும் என்பதில்லை. தாலி வேண்டாம் என்பவர்களுக்கு மாலையே போதும்.

ஆளுக்கொரு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் முன்கூட்டி 30 நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். நான் இங்கே எழுதுவது முதல் வகைக்கு மட்டும்.

படி 2: நாளும் மண்டபமும்

முகூர்த்த நாளை விட்டுவிடுங்கள். கொள்கைக்கும் நல்லது, கைக்காசுக்கும் நல்லது. ஆடியில் மண்டபங்கள் காற்று வாங்கும்; வாடகை பேசலாம், சமையல்காரர் நிதானமாக நம் பேச்சைக் கேட்பார், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையும் முகூர்த்த விலைக்கு எகிறியிருக்காது. "ஆடியில் வைத்தால் ஊருக்குக் காட்டுவதற்காகவே வைத்தது போல இருக்கும்" என்றார் அம்மா. காட்டத்தானே வைத்தோம். மார்கழியிலும் மண்டபம் கிடைக்கும், ஆனால் பூக்கணக்கு தலைகீழ்: பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அப்போது சம்பங்கி மாலைக்கு மாறிவிடுங்கள். கனத்த ரோஜா மாலையை நான் எந்த மாதத்திலும் பரிந்துரைக்க மாட்டேன். இதழ் உதிரும், தெளித்த தண்ணீர் கையில் இருக்கும் உறுதிமொழித் தாளில் சொட்டும்.

படி 3: யாருக்கு என்ன வேலை?

இங்கேதான் திருமணம் சிக்கிக்கொள்ளும். சடங்கை எடுத்துவிட்டால், அந்தச் சடங்கில் இடம் இருந்தவரின் இடமும் போய்விடுகிறது. ஐயர் சம்பளத்துக்கு வருபவர், அவருக்கு வருத்தம் இல்லை. தாய்மாமன் அப்படியா? சீர்த்தட்டு தூக்கி, மாலை போட்டு, மருமகளைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டியவர் அவர். எங்கள் மாமா நேராகவே கேட்டார்: "ஏன் தாயி, மனையும் இல்லை, மந்திரமும் இல்லை என்றால் நான் எதற்கு வரவேண்டும்? முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டவா?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் கொடுத்தவர் தவில்காரர். முன்பணம் கொடுக்கப் போயிருந்தபோது, "ஐயர் இல்லை என்கிறீர்கள், சரி. கெட்டிமேளம் யார் சொல்வது?" என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள். எல்லாத் திருமணத்திலும் ஐயர்தான் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். அந்தக் குரல் இல்லாவிட்டால் தவில்காரர் மேடையையே பார்த்துக்கொண்டிருப்பார், மாலை மாறி முடிந்த பிறகு மேளம் முழங்கும். வீட்டுக்கு வந்து, "மாமா, கெட்டிமேளம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் நாங்கள் மாலை மாற்ற மாட்டோம்" என்றேன். முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். அன்று மண்டபத்தின் கடைசி வரிசைவரை அவர் குரல் கேட்டது. மைக் வேண்டாம் என்று அவரே தள்ளி வைத்துவிட்டார்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, வழக்கமான திருமணத்தில் உங்கள் வீட்டில் யார் யார் எந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். அத்தை நாத்தனார் முடிச்சுக்கு, பாட்டி ஆரத்திக்கு, மாமா சீருக்கு. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் புதிதாக ஒரு வேலை வர வேண்டும். மாலையை எடுத்துக் கொடுப்பது, உறுதிமொழி அட்டையை நீட்டுவது, முதல் சாட்சியாகக் கையெழுத்திடுவது, எதுவானாலும் சரி. "வாழ்த்துரை" என்று போட்டுத் தப்பிக்காதீர்கள்.

மேளத்தையும் நாதஸ்வரத்தையும் நிறுத்தாதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டுக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.

படி 4: தலைமையும் பேச்சும்

அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று அடுக்குவது சுயமரியாதைத் திருமணத்தின் பழைய நோய். திருமணத்தை முதலில் முடித்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பேச்சு ஓடும்போதே பந்தியைத் திறந்துவிடுங்கள். இலை போட்ட சத்தம் கேட்டால் எந்தப் பேச்சாளரும் தானாகவே சுருக்கிக்கொள்வார்.

படி 5: உறுதிமொழி

கவிதையாக எழுத ஆசை வரும். எழுதுங்கள், ஆனால் சட்டம் கேட்கும் வாக்கியம் அதில் மூழ்கிவிடக்கூடாது. எங்களுடையது இப்படித் தொடங்கியது: "இங்கே கூடியிருக்கும் உங்கள் அனைவர் முன்னிலையிலும், இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்." அவர் முறைக்கு "மனைவியாக". "இணை", "துணை", "தோழமை" எல்லாம் அடுத்த வரிகளில் வரட்டும்.

கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பார்த்துப் படிக்காதீர்கள். சரியாக அந்த நேரத்தில் யாராவது அழைப்பார்கள். நிற்கும் மைக்தான் வேண்டும். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் மைக் என்றால் மாலையை வாங்கக் கை இருக்காது. உறுதிமொழி முதலில், மாலை பிறகு. படம் எடுப்பவரிடம் உறுதிமொழியை முழுதாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் மாலை மாற்றும் நேரத்துக்குத்தான் விழித்துக்கொள்வார்.

படி 6: மொய்

"மொய் தவிர்க்கவும்" என்று அழைப்பிதழில் அச்சடிப்பதற்கு முன் அப்பாவின் மொய் நோட்டைப் பாருங்கள். அவர் செய்தது திரும்பி வர வேண்டிய இடங்கள் அதில் இருக்கும். உங்கள் கொள்கைக்காக அவர்கள் கடனோடு நிற்க வேண்டுமா? மேசையும் நோட்டும் ஒரு மூலையில் இருக்கட்டும், மைக்கில் அறிவிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

படி 7: அன்றைக்கே காகிதம்

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவுத்துறை இணையதளத்தில் மனுவை நிரப்பிவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, படங்கள், சாட்சிகள் என்பதெல்லாம் தெரிந்ததுதான்.

தெரியாதது என்னவென்றால், எதிரே இருப்பவர் "எந்தக் கோயில்? ரசீது எங்கே?" என்று கேட்பார். நாங்கள் போன அலுவலகத்தில் அப்படித்தான் கேட்டார்கள். கோயில் இல்லை என்றதும், "அப்படியானால் நடத்திவைத்தது யார், அவர் கையெழுத்து எங்கே?" என்றார்கள். இதற்காகவே ஒரு சான்று தயாரித்துக்கொள்ளுங்கள். இன்ன நாளில், இன்ன இடத்தில், இந்துத் திருமணச் சட்டம் 7-ஏ பிரிவின்படி, இன்னார் முன்னிலையில் இருவரும் உறுதிமொழி ஏற்று மாலை மாற்றினார்கள் என்று ஒரு பக்கம் போதும். மணமக்கள், தலைமை தாங்கியவர், இரண்டு சாட்சிகள் மேடையிலேயே கையெழுத்திடட்டும். மூன்று பிரதி எடுத்து மூன்றிலும் கையெழுத்து வாங்குங்கள். தலைமை தாங்கியவர் அன்றே ரயிலேறிவிடுவார். பிறகு ஒரு கையெழுத்துக்காக அவர் ஊருக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். இந்தச் சான்றோடு அழைப்பிதழும் மண்டப ரசீதும் சேர்த்து வைத்தபின் எங்கள் வேலை முடிந்தது. பிரிவு எண்ணை அழைப்பிதழிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்தது நான் செய்ததிலேயே உருப்படியான காரியம்.

பின்சேர்க்கை 1: "வீட்டில் சம்மதம் இல்லை, மண்டபமெல்லாம் முடியாது, செல்லுமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். செல்லும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7-ஏ திருமணத்துக்கு ஊரறிய விழா தேவையில்லை, வழக்கறிஞர் தம் தொழில் முறையில் அல்லாமல் நண்பர் அல்லது உறவினர் என்ற முறையில் நடத்திவைக்கலாம் என்று தெளிவாக்கிவிட்டது. உயிருக்கு மிரட்டல் இருந்தால் மேலே சொன்ன படிகளை எல்லாம் மறந்துவிடுங்கள். சாதி மறுத்து மணப்பவர்களுக்கு உதவ மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முதலில் எழுத்துப்பூர்வமாகக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: முன்னெழுத்துப் பிரச்சினை பலருக்கு வந்திருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்தாக, அழைப்பிதழில் இரண்டும் இல்லாமல் இருக்கும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிடுங்கள். பதிவான பிறகு ஓர் எழுத்தை மாற்றுவது திருமணத்தை நடத்துவதைவிடப் பெரிய வேலை.